ஊருக்குச் சொல்கிறார்கள், பிள்ளைக்குச் சொல்வதில்லை!

பெண் பெரியவள் ஆகிவிட்டால், ஊர் முழுவதற்கும் தெரிந்துவிடுகிறது.

வாசலில் பந்தல் போடுகிறார்கள். வாழை மரம் கட்டுகிறார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு அலறுகிறது. தெருமுனையில், பெண்ணின் படம் போட்ட பெரிய பேனர் நிற்கிறது. தாய்மாமன் தட்டுத் தட்டாகச் சீர் கொண்டு வருகிறார். ஒரு பக்கம் பந்தி நடக்கிறது. மறுபக்கம் மொய் எழுதுகிறார்கள்.

எல்லாரும் வருகிறார்கள். எல்லாருக்கும் விஷயம் தெரியும்.

தெரியாதவள் ஒருத்திதான். மாலையும் கழுத்துமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாளே, அந்தச் சிறுமிதான் அவள்!

தன் உடம்பில் என்ன நடந்தது? ஏன் நடந்தது? அடுத்த மாதம் என்ன நடக்கும்? இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. "அங்கே போகாதே, இதைத் தொடாதே" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

பெண்ணுக்காவது ஒரு விழா இருக்கிறது. பையனுக்கு அதுவும் இல்லை. குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது. வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவனும் யாரையும் கேட்பதில்லை.

விழா நடத்துவதும், நடத்தாமல் இருப்பதும் அவரவர் விருப்பம். ஆனால், உடம்பு மாறுவதற்கு முன்பே அந்த மாற்றம் என்ன என்று பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும். சோறு போடுவது போல, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது போல, இதுவும் பெற்றோரின் கடமை.

முதல் நாள் பயம்

ஒன்றும் தெரியாத சிறுமி ஒருத்தி, பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது பாவாடையில் ரத்தத்தைக் காண்கிறாள்.

எங்கும் அடிபடவில்லை. கீழே விழவும் இல்லை. ஆனால் ரத்தம் வருகிறது. அவள் என்ன நினைப்பாள்?

"எனக்கு ஏதோ நோய் வந்துவிட்டது" என்று நினைப்பாள். "செத்துப் போய்விடுவேனோ!" என்று பயப்படுவாள். "நான் ஏதாவது தப்புச் செய்துவிட்டேனா?" என்று கலங்குவாள். யாரிடமும் சொல்லாமல் மறைப்பாள். மணி அடித்து எல்லாரும் போன பிறகும், பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டாள்.

இவ்வளவு பயமும் எதனால்? ஒரு வார்த்தையை முன்னால் சொல்லாததால்!

விஷயம் தெரிந்த சிறுமியும் கொஞ்சம் கூச்சப்படுவாள். ஆனால் பயப்பட மாட்டாள். டீச்சரிடம் போய்ச் சொல்வாள். வீட்டுக்கு வந்து தாயிடம் சொல்வாள்.

உடம்பில் என்ன நடக்கிறது?

மூளைக்கு அடியில், பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. பிள்ளை வளர்ந்து ஒரு பருவத்துக்கு வந்ததும், மூளை இந்தச் சுரப்பியைத் தட்டி எழுப்புகிறது. சுரப்பி, ரத்தத்தின் வழியாகச் செய்தி அனுப்புகிறது. பெண் குழந்தைக்கு அந்தச் செய்தி சினைப்பைக்குப் போகிறது. ஆண் குழந்தைக்கு விரைகளுக்குப் போகிறது. அவை வேலை செய்யத் தொடங்குகின்றன. அதனால்தான் உடம்பு மாறுகிறது.

பெண் குழந்தைக்கு இந்த மாற்றம் 8 வயது முதல் 13 வயதுக்குள் தொடங்கும். ஆண் குழந்தைக்கு 9 வயது முதல் 14 வயதுக்குள் தொடங்கும். ஒரே வீட்டில் பிறந்த அக்காவுக்கும் தங்கைக்கும்கூட இது வேறு வேறு வயதில் வரலாம்.

பெண்ணுக்கு முதலில் மார்பு அரும்பும். சில சமயம் ஒரு பக்கம் முன்னாலும், மறுபக்கம் பின்னாலும் வளரும். தொட்டால் வலிக்கும். "கட்டி வந்துவிட்டதோ" என்று பயப்பட வேண்டாம். பிறகு அக்குளிலும் அடிவயிற்றின் கீழேயும் ரோமம் முளைக்கும். உயரம் மளமளவென்று கூடும். முகத்தில் பரு வரும். வியர்வை நாற்றம் மாறும்.

கடைசியில்தான் மாதவிலக்கு வருகிறது.

இரண்டு வருட அவகாசம்

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மார்பு அரும்பிய பிறகு, ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்துத்தான் பெரும்பாலான பெண்களுக்கு முதல் மாதவிலக்கு வருகிறது.

அதாவது, இயற்கை தாய்க்கு இரண்டு வருடம் அவகாசம் கொடுக்கிறது! "உன் மகளிடம் பேசு" என்று முன்கூட்டியே மணி அடிக்கிறது.

"திடீரென்று வந்துவிட்டது, சொல்ல நேரமே இல்லை" என்று எந்தத் தாயும் சொல்ல முடியாது.

மகளுக்குச் சட்டை பிடிக்கத் தொடங்கும்போது, தாய் புதிய துணி எடுக்கக் கடைக்குப் போகிறாள். அந்த வாரமே பேசிவிட வேண்டும். பெரிய பிரசங்கம் தேவை இல்லை. தலை வாரிவிடும்போது சொல்லலாம். கீரை ஆயும்போது சொல்லலாம்.

"கண்ணு, உனக்கு உடம்பு வளர ஆரம்பிச்சிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் போனா, ஒரு நாள் உனக்கு ரத்தம் வரும். பயப்படாதே. அது நோய் இல்லை. அம்மாவுக்கும் வருது, பாட்டிக்கும் வந்துச்சு, உங்க டீச்சருக்கும் வருது."

"ஏம்மா ரத்தம் வருது?"

"வயித்துக்குள்ளே கர்ப்பப்பைன்னு ஒண்ணு இருக்கு. பிற்காலத்திலே குழந்தை வளர்ற இடம் அது. மாசா மாசம் அது உள்ளே மெத்தை மாதிரி ஒண்ணைத் தயார் பண்ணும். குழந்தை இல்லேன்னா, அந்த மெத்தை தேவை இல்லை. அதுதான் ரத்தமா வெளியே வந்துடுது."

"வலிக்குமா?"

"அடிவயிறு கொஞ்சம் வலிக்கலாம். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தா கேட்கும். ரொம்ப வலிச்சா டாக்டர்கிட்டே போகலாம்."

இவ்வளவுதான். ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த ஐந்து நிமிடம், பல நாள் பயத்தைப் போக்கிவிடும்.

பையில் ஒரு பொட்டலம்

சொன்னால் மட்டும் போதாது. கையிலும் கொடுக்க வேண்டும்.

நாப்கின் இரண்டு, மாற்று உள்ளாடை ஒன்று. இவற்றை ஒரு சின்னப் பையில் போட்டு, புத்தகப் பையில் வைத்துவிட வேண்டும். எப்படி வைப்பது என்று தாயே காட்ட வேண்டும். நான்கு மணி அல்லது ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மாற்றியதைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும்.

துணி பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அது தவறு அல்ல. ஆனால் பருத்தித் துணியாக இருக்க வேண்டும். சோப்புப் போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் காயப் போட வேண்டும். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று இருட்டில், ஈரத்தில் ஒளித்து வைத்தால் நோய்தான் வரும். வெட்கத்துக்காக உடம்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

தமிழ்நாடு அரசு "புதுயுகம்" என்ற திட்டத்தில் 10 வயது முதல் 19 வயது வரை உள்ள பெண்களுக்கு நாப்கின் இலவசமாகக் கொடுக்க ஏற்பாடு செய்தது. பள்ளிக்கூடத்திலும், அங்கன்வாடியிலும் கேட்டுப் பெறலாம். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியது இல்லை.

முதல் இரண்டு வருடம் மாதவிலக்கு ஒழுங்காக வராது. ஒரு மாதம் வரும். அடுத்த மாதம் வராது. இது சகஜம். ஆனால் ஏழு நாளுக்கு மேல் போனாலும், ஒரு மணி இரண்டு மணிக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது இருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

களி கொடுக்கலாம், குடிசை வேண்டாம்

நம் வழக்கத்தில் நல்லதும் இருக்கிறது. பெண் பெரியவள் ஆனால் உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கிறார்கள். நல்லெண்ணெய், முட்டை, புட்டு கொடுக்கிறார்கள். வளரும் உடம்புக்குச் சத்து வேண்டும் என்று நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்தக் கவனிப்பு பதினாறு நாளோடு நின்றுவிடக் கூடாது. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 வயது முதல் 19 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 59 பேருக்கு ரத்த சோகை இருப்பது தெரிந்தது. கீரை, பயறு, கேழ்வரகு, முட்டை இவற்றை வருடம் முழுவதும் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு முறை கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைத் தூக்கி எறியாமல் சாப்பிடச் சொல்ல வேண்டும்.

களி நல்லது. ஆனால் குடிசை?

வீட்டுக்கு வெளியே பச்சை ஓலையில் குச்சு கட்டி, பெண்ணைத் தனியாக உட்கார வைக்கும் வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. தனித் தட்டு, தனிப் பாய், தனிமை!

2018-ம் ஆண்டு நவம்பர் மாதம் கஜா புயல் அடித்தது. தஞ்சை மாவட்டத்தில், பெரியவள் ஆகியிருந்த ஒரு சிறுமியை இப்படித்தான் தனிக் குடிசையில் தங்க வைத்திருந்தார்கள். புயலில் தென்னை மரம் சாய்ந்து குடிசை மேல் விழுந்தது. அந்தச் சிறுமி இறந்து போனாள்.

பெற்றோர் வேண்டும் என்று செய்யவில்லை. வழக்கம் என்று செய்தார்கள். ஆனால் போன உயிர் திரும்ப வருமா?

மாதவிலக்கு தீட்டு அல்ல. பிள்ளை பெறும் உடம்பின் அடையாளம் அது. நேற்று வரை மடியில் படுத்திருந்த மகளை, இன்று வாசலுக்கு வெளியே தள்ளினால் அவள் மனம் என்ன பாடுபடும்? "நான் அசுத்தமானவள்" என்ற எண்ணம் அன்றே விழுந்துவிடும். தாய் அருகில் இருக்க வேண்டிய நாள் அது.

மகனை நினைத்தவர் யார்?

இனிப் பையனுக்கு வருவோம். அவனைப் பற்றித்தான் யாருமே பேசுவது இல்லை.

பையனுக்கு முதலில் விரைகள் பெரிதாகும். பிறகு ரோமம் முளைக்கும். ஆண் உறுப்பு வளரும். குரல்வளை பெரிதாகும், அதனால் குரல் உடையும். ஒரு வார்த்தை தடித்த குரலிலும், அடுத்த வார்த்தை கீச்சுக் குரலிலும் வரும். சில மாதத்தில் இது சரியாகிவிடும். ஒரே வருடத்தில் எட்டு, ஒன்பது சென்டி மீட்டர்கூட வளர்ந்துவிடுவான். கை கால் நீண்டுவிடும். நடக்கும்போது மேஜையில் இடித்துக்கொள்வான்.

பல பையன்களுக்கு மார்பிலும் கொஞ்சம் வீக்கம் வரும். "நான் பெண்ணாகிவிடுவேனோ" என்று அவன் உள்ளுக்குள் நடுங்குவான். சட்டையைக் கழற்ற மாட்டான். ஆற்றில் குளிக்க வர மாட்டான். பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் அது தானாக வடிந்துவிடும். இதை ஒருவர் சொல்லிவிட்டால் எவ்வளவு நிம்மதி!

ஒரு நாள் தூக்கத்தில் அவனுக்கு விந்து வெளியாகும். காலையில் விழித்தால் துணி நனைந்திருக்கும். சிறுமி ரத்தத்தைக் கண்டு பயந்தது போலவே, அவனும் பயப்படுவான். அவளுக்காவது தாய் இருக்கிறாள். அவன் யாரிடம் போவான்?

நண்பனிடம் போவான். நண்பனுக்கும் ஒன்றும் தெரியாது. பிறகு செல்போனைத் தட்டுவான். அல்லது சுவரில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தைப் படிப்பான்.

சுவர் விளம்பரம்

"இளமையில் செய்த தவறா? நரம்புத் தளர்ச்சியா? கவலை வேண்டாம்! வைத்தியர் இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் தங்குகிறார்!"

இந்த விளம்பரத்தைப் பார்க்காத தமிழர் உண்டா?

"ஒரு சொட்டு விந்து போனால் நாற்பது சொட்டு ரத்தம் போனதற்குச் சமம்" என்று பயமுறுத்துகிறார்கள். இது பொய். விந்து ரத்தத்தில் இருந்து வடிவது அல்ல. எச்சில் ஊறுவது போல, உடம்பு அதைத் தினமும் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. தூக்கத்தில் வெளியாவதால் உடம்பு இளைக்காது. கண் குழி விழாது. ஞாபகம் கெடாது. கையால் செய்துகொண்ட பழக்கத்தாலும் ஆண்மை போய்விடாது.

விந்து போவதால் உடம்பு கெடுகிறது என்ற பயமே நம் நாட்டு இளைஞர்களை வாட்டுகிறது என்று, இந்திய மனநல டாக்டர் என்.என். விக் 1960-ம் ஆண்டில் எழுதினார். நோய் உடம்பில் இல்லை. பயத்தில் இருக்கிறது!

இப்படிப்பட்ட மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954-ம் ஆண்டிலேயே மத்திய அரசு சட்டம் கொண்டு வந்தது. இருந்தாலும் லேகியம் விற்கிறது. ஏன்? தகப்பனார் பேசாமல் இருப்பதால் விற்கிறது. வீட்டில் ஒரு வார்த்தை கிடைத்திருந்தால், பையன் லாட்ஜ் படி ஏறுவானா?

தகப்பனார் எப்படிச் சொல்வது?

பையனை எதிரில் உட்கார வைத்து, "உன்னிடம் பேச வேண்டும்" என்று ஆரம்பித்தால் அவன் தலையைக் குனிந்துகொள்வான். ஒரு வார்த்தையும் காதில் ஏறாது.

சேர்ந்து வேலை செய்யும்போது சொல்லலாம். வண்டியைக் கழுவும்போது, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது, கடைக்கு நடந்து போகும்போது சொல்லலாம்.

"தம்பி, குரல் உடைய ஆரம்பிச்சிருக்கே! எனக்கும் உன் வயசிலே இப்படித்தான் இருந்துச்சு. ராத்திரி தூக்கத்திலே துணி நனைஞ்சா பயப்படாதே. எல்லா ஆம்பளைக்கும் அது உண்டு. துணியைத் துவைச்சுப் போட்டுடு, அவ்வளவுதான். எது கேட்கணும்னாலும் என்னைக் கேளு."

தகப்பனார் வெளியூரில் இருந்தால் தாய்மாமன் சொல்லலாம், சித்தப்பா சொல்லலாம். அண்ணன் சொல்லலாம். யாரும் இல்லாவிட்டால் தாயே சொல்லலாம்.

அதே போல, பெண்களைப் பற்றி மகனுக்கும் சொல்லிவைக்க வேண்டும். அக்காவுக்கு வயிற்று வலி என்றால் ஏன் என்று தம்பிக்குத் தெரிய வேண்டும். தெரிந்த பையன், வகுப்பில் எந்தப் பெண்ணையும் பார்த்துச் சிரிக்க மாட்டான்.

கோவையைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம், தன் மனைவி பழந்துணியை மறைத்து எடுத்துப் போவதைக் கண்டார். "பெண்கள் விஷயம்" என்று ஒதுங்கவில்லை. குறைந்த செலவில் நாப்கின் செய்யும் எந்திரத்தை உருவாக்கினார். 2016-ம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆண் பிள்ளைக்கு இந்த விஷயம் தெரிவதால் நன்மைதான் வரும்.

கேலி வேண்டாம்

இந்த வயதில் பிள்ளை நூறு தடவை கண்ணாடி பார்க்கும். பருவைக் கிள்ளும். "நான் குள்ளமா? நான் குண்டா?" என்று கவலைப்படும்.

அப்போது வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்கிறார்கள்? "மூஞ்சியைப் பார், பலாப்பழம் மாதிரி!" என்கிறார்கள். "பக்கத்து வீட்டுப் பையன் பனை மரமாக வளர்ந்துவிட்டான், நீ இன்னும் இப்படியே இருக்கிறாய்" என்கிறார்கள். சொன்னவர் அன்றே மறந்துவிடுவார். கேட்ட பிள்ளை முப்பது வயதிலும் மறக்காது.

சிலர் முந்தி வளர்வார்கள். சிலர் பிந்தி வளர்வார்கள். எனினும் சில வயதுக் கணக்கைப் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டும். பெண்ணுக்கு 8 வயதுக்கு முன்பும், பையனுக்கு 9 வயதுக்கு முன்பும் மாற்றம் தொடங்கினால் டாக்டரிடம் காட்ட வேண்டும். 13 வயது ஆகியும் பெண்ணுக்கு மார்பு அரும்பாவிட்டால், 15 வயது ஆகியும் மாதவிலக்கு வராவிட்டால், 14 வயது ஆகியும் பையனுக்கு எந்த மாற்றமும் இல்லாவிட்டால், அப்போதும் காட்ட வேண்டும். கோவிலுக்கு நேர்ந்துகொள்ளலாம். ஆனால் டாக்டரையும் பார்க்க வேண்டும்.

இந்தப் பருவத்தில் கோபமும் அழுகையும் சட்டென்று வரும். கதவைச் சாத்திக்கொள்வார்கள். அதைத் திமிர் என்று எண்ணி அடிக்கக் கூடாது. ஒரே அறை உள்ள வீடாக இருந்தாலும், உடை மாற்றிக்கொள்ள ஒரு மறைப்பு வேண்டும். பழைய சேலை ஒன்றைக் கொடியில் கட்டிவிட்டால் போதும். செலவு இல்லை. ஆனால் பிள்ளைக்கு மரியாதை கிடைக்கிறது.

சொன்னால் கெட்டுப் போவார்களா?

"இதையெல்லாம் சொன்னால் பிள்ளை கெட்டுப் போகாதா?" என்று சிலர் கேட்கிறார்கள்.

தாய் தகப்பன் சொல்லாவிட்டால் பிள்ளைக்குத் தெரியாமல் போய்விடுமா? செல்போன் சொல்லும். அது தாயைப் போல, வயதுக்குத் தகுந்தபடி அளந்து சொல்லாது.

"எனக்கு யார் சொன்னார்கள்? நான் வளரவில்லையா?" என்று வேறு சிலர் கேட்கிறார்கள். அன்று வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். பாட்டி, அத்தை, பெரிய அக்கா என்று யாராவது ஒருவர் காதோடு காதாகச் சொன்னார்கள். இன்று பல வீடுகளில் நான்கு பேர்தான். அதில் இரண்டு பேர் பிள்ளைகள். மீதி இரண்டு பேரும் பேசாவிட்டால், வேறு யார் பேசுவது?

இன்னொன்றும் இருக்கிறது. தன் உடம்பைப் பற்றித் தெரிந்த பிள்ளைதான், தவறாகத் தொடும் கையைத் தட்டிவிடும். அதை வீட்டில் வந்து சொல்லவும் அதற்கு வார்த்தை இருக்கும். "உடம்பைப் பற்றிப் பேசுவதே தப்பு" என்று வளர்ந்த பிள்ளை, வாயை மூடிக்கொண்டு அழும். அப்படி ஆபத்து வந்தால், 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

பெரியவள் ஆகிவிட்டாள் என்பதால் மகளின் பள்ளிக்கூடத்தை நிறுத்தக் கூடாது. மாப்பிள்ளை பார்க்கவும் கூடாது. 18 வயதுக்கு முன் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம். 12 வயதில் உடம்பு பூக்கலாம். ஆனால் அவள் இன்னும் குழந்தைதான்.

பந்தல் போடுகிறவர்கள் போடட்டும். சீர் கொண்டு வருகிறவர்கள் கொண்டு வரட்டும். ஆனால் ஊருக்குச் சொல்வதற்கு முன், அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். மகளுக்கும் சொல்ல வேண்டும். மகனுக்கும் சொல்ல வேண்டும்.

அதற்குப் பணம் வேண்டாம், படிப்பு வேண்டாம், நல்ல நாளும் பார்க்க வேண்டாம். பிள்ளைகள் வீட்டில்தான் இருக்கிறார்கள்!